முதலில் ஆர்பிட்டல், பிறகு யு

“நிக்கல் ஆக்சைடா? யு மதிப்பை ஏற்றிக்கொண்டே போ. ஆற்றல் இடைவெளி சோதனையோடு பொருந்தியதும் நிறுத்து.” கணிப்பு இயற்பியலுக்குள் நுழையும் மாணவர் பலர் கேட்கும் அறிவுரை இது. தவறான அறிவுரை என்பது என் உறுதியான கருத்து.

அது பிறந்த காரணம் புரிகிறது. பட்டைக் கோட்பாட்டின்படி உலோகமாக இருக்க வேண்டிய நிக்கல் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்த மறுப்பதை 1937இல் டி போயரும் வெர்வேயும் சுட்டிக்காட்டினார்கள். வழக்கமான அடர்த்திச் சார்பியல் கணக்கில் எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கைச் சேர்த்தாலும் இடைவெளி ஓர் எலக்ட்ரான் வோல்ட்டைத் தொடுவதில்லை; சோதனை மதிப்போ 4ஐ ஒட்டியது. 1991இல் அனிசிமோவ், சானென், ஆண்டர்சன் மூவரும் நிக்கலின் டி ஆர்பிட்டலில் நெருங்கும் எலக்ட்ரான்களின் விலக்கத்தை யு என்று சேர்த்ததும் இடைவெளி அகலத் திறந்தது. அந்தச் சாதனையை நான் மறுக்கவில்லை. அதன் பெயரால் சொல்லப்படும் மூன்று கூற்றுகளை மறுக்கிறேன்.

ஒன்று: “யு என்பது நிக்கலின் குணம், பிறர் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.” 1991இல் பயன்பட்ட மதிப்பு சுமார் 8 எலக்ட்ரான் வோல்ட். 2005இல் கோகோச்சியோனியும் தெ ஜிரோன்கோலியும் நேரியல் துலங்கல் முறையில் பெற்றது 4.6. பொருள் ஒன்றே. எதை ‘டி எலக்ட்ரான்’ என்று எண்ணுகிறோம், சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் விலக்கத்தை எவ்வளவு தணிப்பதாகக் கொள்கிறோம் என்பவைதாம் வேறு. ஒரு கணினி நிரல் அணு ஆர்பிட்டலை வைத்து எண்ணும். இன்னொன்று அணுவைச் சுற்றி ஒரு கோளம் வரைந்து எண்ணும். ஓர் ஆர்பிட்டலுக்கு அளந்த சட்டையை இன்னொன்றுக்கு மாட்டக் கூடாது.

இரண்டு: “ஓரிடத்தில் குவிந்த ஆர்பிட்டலை எப்படி எடுத்தாலும் ஒன்றுதான்.” மர்சாரியும் வாண்டர்பில்ட்டும் 1997இல் தந்த முறை, பரவல் மிகக் குறைந்த வான்னியர் சார்புகளை, அதாவது அப்படிக் குவிந்த ஆர்பிட்டல்களை, தேடித் தருகிறது. ஆனால் எந்தப் பட்டைகளிலிருந்து தேடுவது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். டி பட்டைகளை மட்டும் கொடுத்துப் படத்தைத் திரையில் பாருங்கள்: ஆக்சிஜனை நோக்கி நீளும் நான்கிதழ் ஆர்பிட்டலின் ஒவ்வொரு முனையிலும் ஆக்சிஜனின் பி இதழ் எதிர்க்குறியோடு ஒட்டிக்கொண்டு வரும். பட்டைகளை எடுக்கும் ஆற்றல் சாளரத்தை அகட்டி, நிக்கலின் ஐந்து டியோடு ஆக்சிஜனின் மூன்று பியையும் சேருங்கள். அந்த வால் ஏறக்குறைய மறைந்து, அணுவில் இருப்பது போன்ற கச்சிதமான வடிவம் வரும். பரவல் எண் இறங்கும். இரண்டும் சரியான கணக்குகளே. ஆனால் இரண்டுக்கும் ஒரே யு பொருந்தாது.

மூன்று: “இடைவெளி பொருந்தினால் எல்லாம் பொருந்தியது.” நிக்கல் ஆக்சைடில் இடைவெளியைத் தாண்டும் எலக்ட்ரான் பெரும்பாலும் ஆக்சிஜனின் பியிலிருந்து நிக்கலின் டிக்குச் செல்கிறது; 1985இல் சானென், சவாட்ஸ்கி, ஆலன் இதை மின்னூட்ட மாற்ற வகை என்று பிரித்துக் காட்டினார்கள். அப்படியிருக்க, டியின் யுவை மட்டும் திருகி எட்டிய எண், நிரம்பிய பட்டையின் உச்சியில் பி எவ்வளவு, டி எவ்வளவு என்பதற்குச் சாட்சியாகாது. இரும்பு ஆக்சைடில் (FeO) சிக்கல் இன்னும் கூர்மையானது. ஐந்து எலக்ட்ரான்கள் ஒரு சுழற்சித் திசையை நிரப்பிய பின் ஆறாவது எந்த ஆர்பிட்டலில் அமர்வது? தொடக்க ஊகத்தை மாற்றினால், ஒரே யுவிலேயே கணக்கு வேறொரு விடையில் போய் நின்றுவிடலாம்.

யுவைக் கணக்கிட நேரம் பிடிக்கும் என்பார்கள். பிடிக்கும்தான். ஆனால் எந்த ஆர்பிட்டலுக்கு அந்த யு என்று எழுத ஒரு வரி போதும். சாளரம், பரவல், எந்த ஆர்பிட்டலில் எவ்வளவு எலக்ட்ரான் என்று காட்டும் நிரப்பு அணி ஆகியவற்றையும் அதனோடு கொடுங்கள். அப்போதுதான் உங்கள் கணக்கை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியும்.