காரில் வரும் மல்லிகைத் தொட்டி

மாற்றல் உத்தரவு வந்துவிட்டதா? பாத்திரம் பண்டங்களெல்லாம் லாரியில் ஏறிவிடும். செடிகளை மட்டும் லாரிக்காரர், "பொறுப்பில்லை அம்மா" என்று கை கழுவிவிடுவார். அப்புறம் காரின் பின் ஆசனத்தில் குழந்தைகளோடு அவையும் பிரயாணம் செய்ய வேண்டியதுதான்.

சென்னையிலிருந்து கோயமுத்தூர் சுமார் 500 கிலோமீட்டர். தாய் வீட்டிலிருந்து வந்த மல்லிகையை நான் அப்படித்தான் கொண்டு போனேன். விழுப்புரத்தருகே காப்பி சாப்பிட இறங்கினோம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, காரை வெயிலில் நிறுத்தினோம். அரை மணியில் திரும்பினால், செடி வெந்த கீரையாக இருந்தது! வெளியே 35 டிகிரி என்றால் மூடிய காருக்குள் அரை மணியில் 50ஐத் தாண்டிவிடுமாம். தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் செடி தாங்கும், இதைத் தாங்காது. டிக்கியும் அப்படியே, அதில் வைக்கவே வேண்டாம்.

புறப்படுவதற்கு முதல் நாள் காலையில் தண்ணீர் விடுங்கள். அன்றைக்கே விட்டால் சேறு வழிந்து ஆசனம் பாழாகும்; அப்புறம் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க முடியாது. மண்ணின் மேல் சாக்குத் துணி போட்டுக் கட்டி, தொட்டியை வாளியில் இறக்கி, சுற்றிலும் பழந்துணியை அடைத்து, முன் ஆசனத்துக்குப் பின்னால் தரையில் வையுங்கள். கிளைகளைப் புடவைக் கிழிசலால் தளர்த்தியாகச் சேர்த்துக் கட்டலாம். ஜன்னல் காற்றும் ஏ.ஸி. காற்றும் நேரே படக் கூடாது.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்ன? துளசிக்குக் காய்ந்த கதிர் இரண்டு காகிதத்தில் மடித்தால் போதும். குரோட்டன்ஸுக்கு ஒரு கிளை. கறிவேப்பிலைக்கு அடியில் முளைத்த கன்று. மல்லிகைக்கு மட்டும் இரண்டு மூன்று மாதம் முன்பே பதியன் போட வேண்டும்.

புது ஜாகையில் இலை பழுத்து உதிரும். பயந்து எருவைக் கொட்டாதீர்கள்; தொட்டியையும் மாற்றாதீர்கள். ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு சிறிது சிறிதாக வெயில் காட்டுங்கள். மேல் மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

என் மல்லிகை பிழைக்கவில்லை. ஆனால் சென்னையில் அடுத்த வீட்டு அம்மாளுக்கு அதில் ஒரு பதியன் போட்டுக் கொடுத்திருந்தேன். மறு வருஷம் போனபோது, அவர் அதிலிருந்து எனக்கு ஒரு பதியன் வைத்திருந்தார். திரும்பும் வழியில் நாங்கள் முறை வைத்துக் கொண்டு காப்பி சாப்பிட்டோம். ஒருவர் காரிலேயே உட்கார்ந்திருந்தோம்.