கவிதைக்கு மறியல்

போன சனி இரவு 'ஸ்லாம்' படத்தைத் திரும்பவும் பார்த்தேன். 1998இல் மார்க் லெவின் எடுத்த படம். வாஷிங்டன் சிறைக்குள்ளேயே, அங்கிருந்த கைதிகளையும் சேர்த்துப் படமாக்கியிருக்கிறார்கள். கஞ்சா வழக்கில் உள்ளே போன ரே என்ற இளைஞனைச் சிறை முற்றத்தில் அடிக்கச் சூழ்கிறார்கள். அவன் கை ஓங்கவில்லை, கவிதை சொல்லத் தொடங்குகிறான். வந்தவர்கள் திகைத்து நிற்கிறார்கள்.

"அப்பா, கவிதை உண்மையிலை ஒராளைக் காப்பாத்துமோ?" என்று மகள் கேட்டாள்.

எனக்கு அஹ்னாப் ஜஸீமின் நினைவு வந்தது. இலங்கையில் மன்னார், சிலாவத்துறைப் பிள்ளை. புத்தளத்தில் தமிழ் படிப்பித்த ஆசிரியர். 2017இல் 'நவரசம்' என்று ஒரு கவிதைப் புத்தகம் போட்டார். அது தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்று சொல்லி 2020 மே 16 அன்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். 1979இல் தற்காலிகமாகக் கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கிய அதே சட்டம். எங்களில் எத்தனையோ பேர் டென்மார்க்குக்கு ஓடிவரவும் அதுதான் காரணம். வன்முறையைக் கண்டித்து எழுதியவரை வன்முறைக்காரர் என்றார்கள். பத்தொன்பது மாதம் மறியலில் இருந்துதான் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

இன்னொரு கவிஞரும் நினைவுக்கு வந்தார். டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ஹேர்னிங்கிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் ஓகூஸ். யாஹ்யா ஹசன் அந்த ஊர்க் கவிஞர், பலஸ்தீன அகதிகளின் மகன். 2013இல், பதினெட்டு வயதில், முழுக்கப் பெரிய எழுத்துகளிலேயே அச்சிட்ட முதல் புத்தகம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. தகப்பனின் அடியையும் தன் சமூகத்தின் பொய்யையும் எழுதியதற்காகக் கொலை மிரட்டல் வந்தது. அரசு அவருக்குக் காவல் போட்டது. 2016இல் அவரும் சிறைக்குப் போனார். அது ஒருவரைத் துவக்கால் சுட்டதற்கு. கவிதைக்காக அவரை யாரும் பூட்டி வைக்கவில்லை. 2020 ஏப்ரல் 29 அன்று, இருபத்துநாலு வயதில் இறந்துபோனார். அதிலிருந்து பதினேழாம் நாள்தான் அஹ்னாபைப் பிடித்தார்கள்.

அந்த வித்தியாசத்தைத்தான் மகளுக்குச் சொன்னேன். ஒரு நாட்டில் கவிதைக்காகப் பொலிஸ் காவல் நின்றது. மற்ற நாட்டில் கவிதைக்காகப் பொலிஸ் விலங்கு போட்டது. அஹ்னாபைக் காப்பாற்ற ஒரு கவிதை போதவில்லை. வழக்கறிஞர்கள் வழக்காடவேண்டி இருந்தது. தமிழ் தெரிந்தவர்கள் அந்தப் புத்தகத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று எடுத்துச் சொல்லவேண்டி இருந்தது.

'நவரசம்' எங்கேயாவது கண்ணில் பட்டால் எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசியுங்கள். வாசித்தபின் வீட்டில் பிள்ளைகளிடமும் கொடுங்கள்.