ஒறுப்பு திருத்துதற்கே!

குற்றாலச் சாரலில் குடித்து, அருவிக்கரையில் பிறர்க்கு இடையூறு செய்வானுக்கு ஒறுப்பு என்ன? வெள்ளையனின் 1860ஆம் ஆண்டுச் சட்டம், ஒருநாட் சிறை அல்லது பத்து உருபா தண்டம் என்றது. 2024 சூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதுச்சட்டத்தின் 355ஆம் பிரிவு, தண்டத்தை ஆயிரமாக உயர்த்தி, குமுகத் தொண்டையும் ஒறுப்பாகச் சேர்த்துள்ளது.

'பாரதிய நியாய சன்கிதா' என்னும் அதன் பெயர் தென்காசி உழவனின் நாவில் நுழையாது. அவ் வடமொழித் திணிப்பைக் கடிகின்றோம். தொண்டொறுப்பையோ வரவேற்கின்றோம். செல்வன் ஆயிரத்தை வீசிவிட்டு மறுநாளும் குடிப்பான். ஏழையே சிறை புகுவான். சிற்றாற்றில் தான் எறிந்த புட்டியைத் தானே பொறுக்குபவன் நாணுவான். நாணமே திருத்தும்.

ஆனால், எத்தொண்டு, எத்தனை மணிநேரம் என அச்சட்டம் வரையறுக்கவில்லை. இடர் இங்கேதான்! சிறையில் சாதி பார்த்து வேலை பகுக்கும் நெறிகளை 2024 அக்தோபரில் உச்ச அறமன்றம் செல்லாவென்றது. அவ்வழக்கில் நம் பாளையங்கோட்டைச் சிறையும் பேசப்பட்டது. ஒருவனுக்கு நூலகமும் மற்றொருவனுக்குச் சாய்க்கடையும் எனப் பிறப்பு நோக்கிப் பகுத்தால், அதே இழிவு சிறைக்கு வெளியிலும் தொடரும்.

எனவே, பணியும் நேரமும் யாவர்க்கும் ஒன்றாக, எளியவனுக்கும் விளங்கும் தமிழில் வரையறுக்கப்படல் வேண்டும். ஒறுப்பு திருத்துதற்கே, இழித்தற்கன்று!