இயாகோவின் நாக்கைக் கட்டிய அபராதம்

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' வெனிஸ் நகரத் தெருவில், இரவு நேரத்தில் தொடங்குகிறது. 1622-இல் அச்சான பிரதியில் நாடகத்தின் வில்லன் இயாகோ வாய் திறந்ததும் வரும் முதல் சொல் 'ஸ்ப்ளட்'. கடவுளின் ரத்தத்தின் மேல் ஆணை என்பதன் சுருக்கம் அது. மறு ஆண்டே வெளிவந்த ஷேக்ஸ்பியர் பெருந்தொகுப்பில் அந்தச் சொல் இல்லை. நாடகம் நெடுகிலும் இத்தகைய ஆணைச் சொற்கள் ஐம்பதுக்கும் மேல் களையப்பட்டிருக்கின்றன.

இதற்குப் பின்னால் 1606-இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. மேடையில் கடவுள், கிறிஸ்து, பரிசுத்த ஆவி ஆகிய பெயர்களை மரியாதையின்றிச் சொன்னால் ஒவ்வொரு முறைக்கும் 10 பவுண்டு அபராதம். பாதி அரசருக்கு, மீதி வழக்குப் போட்டவருக்கு. அச்சுப் புத்தகம் இச்சட்டத்துக்குள் வரவில்லை. ஆனாலும் மேடைக்காகக் கழுவிய படியே அச்சுக்கும் போனது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.

இழப்பு சிறியதல்ல. இயாகோ படை முகாமில் பழகிய ஆள். அவன் பேச்சில் அந்த வாடை வீசத்தான் வேண்டும். ஒத்தெல்லோவோ நிதானமாகப் பேசும் தளபதி. இயாகோ சந்தேக நஞ்சைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் காட்சியில், 1622 பிரதியில், அந்தத் தளபதியின் வாயிலிருந்தே 'ஸவுண்ட்ஸ்' வெடிக்கிறது. கிறிஸ்துவின் காயங்களின் மேல் இடும் ஆணை அது. இயாகோவின் மொழி அவருக்குள் நுழைந்துவிட்டதைப் பார்வையாளர் காதாலேயே அறிந்துகொள்ளலாம். பெருந்தொகுப்பை மட்டும் படிப்பவருக்கு இது கிட்டாது.

அபராதத்தால் வாயை அடைக்கும் ஆசை பிறகும் ஓயவில்லை. 1745-ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையிடுவோருக்கு அந்தஸ்துப்படி விலை வைத்தது: கூலியாளுக்கும் சிப்பாய்க்கும் 1 ஷில்லிங், கனவானுக்கு 5. மக்கள் கடவுளின் பெயரை விழுங்கிவிட்டு 'காஷ்', 'காலி' என்றார்கள். 'கடவுள் என்னைக் குருடாக்கட்டும்' என்ற சாபம் 'பிளைமி'யாகத் தேய்ந்தது. கோபமும் வியப்பும் மட்டும் குறையவே இல்லை.

இன்றைய பதிப்பாசிரியர்கள் பலர் களையப்பட்ட சொற்களை மீண்டும் சேர்க்கிறார்கள். அதுவே நியாயம். நம் கல்லூரிகளில் 'ஒத்தெல்லோ'வைப் பாடமாக வைப்பவர்கள் அத்தகைய பதிப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். 'ஸவுண்ட்ஸ்' வரும் இடத்தில், அடிக்குறிப்பைத் தாண்டிப் போய்விடாமல், அந்த வரியை மாணவர்களை உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும்.