கடிவாளந் தெரிதல்

அமெரிக்க நாட்டின் மேற்பகுதியில் வாழ்ந்த மாடுமேய்ப்போரின் வாழ்க்கையைக் காட்டும் திரைப்படங்களை நம்முட் பெரும்பாலோர் கண்டிருப்போம். கதைத்தலைவன் விரைந்து வந்து வாரைச் சுண்டி இழுக்கின்றான், அவன் ஏறிவந்த புரவி பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களை வானில் வீசுகின்றது, காண்போர் கைதட்டுகின்றனர். யாமும் கைதட்டியவர்களே. ஒருகால் அக்காட்சியை இடையில் நிறுத்திவைத்து உற்று நோக்கினோம். புரவியின் வாய் அகலத் திறந்திருந்தது. நா ஒருபுறம் பிதுங்கியிருந்தது. கண்ணின் வெண்மை புறத்தே தோன்றிற்று. நாம் வீரமென்று எண்ணியது அதற்கு நோவாக இருந்தது. அவ்வாயிலிருந்த இரும்பு யாது, அதனைத் தெரிந்தெடுத்தவர் எதனைக் கருதித் தெரிந்தெடுத்தார் என்னும் வினா அன்று முதல் எம்மை விட்டு நீங்கவில்லை.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கும் குதிரைக் கடிவாளத்திற்கும் என்ன இயைபென்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். யாக்கோபு தம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் நாவடக்கத்தைக் கூறப் புகுந்தவிடத்து, கடிவாளத்தையும் கப்பலின் சுக்கானையும் உவமையாக எடுத்தமை ஆலயத்தில் நாம் பலமுறை கேட்டதன்றோ? சிறியதொன்று பெரியதொன்றைத் திருப்புகின்றதென்பதே ஆங்கு அவர் கருத்து. அச்சிறியது பெரியதனை எவ்வளவு வருத்தலாம் என்பது பற்றி அவர் கூறினாரல்லர். அதுவே ஈண்டு எம் பேச்சு.

கடிவாளம் பொதுவாக இருவகைப்படும். வாயிரும்பின் இருமுனையிலும் வளையம் பூண்டு, அவ்வளையத்திலேயே வார் கட்டப்பெறுவது ஒன்று. இதனை ஸ்நாபில் என்பர். கை இழுத்த அளவே வாயைச் சேரும். மற்றையது கர்ப் எனப்படும். இதில் வாயிரும்பின் இருபுறமும் தண்டுகள் நிற்கும். வார் தண்டின் கீழ்நுனியிற் கட்டப்படும். மேல்நுனியில் தலைவாரும், மோவாயின் அடியே செல்லும் தோல்வாரோ சங்கிலியோ ஒன்றும் பூட்டப்படும். வாரை இழுத்தவுடன் தண்டு சுழலும்; மோவாய்வார் தாடையின் அடிப்பள்ளத்தை இறுக்கும்; வாயிரும்பு நாவையும் ஈற்றையும் அழுத்தும்; தலைவார் செவிகளின் பின்னே உச்சியை அமுக்கும். பௌதிக வகுப்பில் நாம் கற்ற நெம்புகோலே இது. ஆதலின் இதனை நெம்பு கடிவாளமென்றே வழங்குவோம். வாயிரும்பு நடுவில் மூட்டுடையதாயின் அது ஸ்நாபிலேயாம் என்று கடைக்காரரும் கூறுவதுண்டு. அது பிழை. தண்டு உண்டாயின் நெம்பும் உண்டு. மூட்டு இருந்தாலென், இல்லாதொழிந்தாலென்?

அமெரிக்க மேற்பகுதியில் நெம்பு கடிவாளம் வேரூன்றியதற்குக் காரணம் தொழிலே. ஸ்பானியர் மெக்சிகோவுக்குக் கொணர்ந்த குதிரையேற்றம், வக்கேரோ என்னும் மாடுமேய்ப்போர் வாயிலாகக் கலிபோர்னியாவிலும் டெக்ஸாசிலும் பரவிற்று. சுருக்குக்கயிறு எறிந்து மாடு பிடிப்பவனுக்கு ஒரு கை கயிற்றுக்கே வேண்டும். எஞ்சிய ஒரு கையே குதிரைக்கு. அக்கை வாரைத் தளரப் பிடித்துக் கழுத்தின் ஒரு பக்கத்திற் சார்த்தும். குதிரை அப்பக்கத்தினின்று விலகித் திரும்பும். ஏறியவனுடைய உடலின் நிறையும் காலின் தொடுகையும் எஞ்சியவற்றைக் கூறும். வாயைத் தொடுவது அருகியே நிகழும். தளர்ந்த வாரே இயல்பு, இழுத்த வார் அரிது என்னும் இவ்வொழுங்கு உள்ளவரையில் நெம்பு கடிவாளம் சொல்லாகும். இவ்வொழுங்கு நீங்கின் அடியாகும்.

இனி வாயைப் பார்ப்போம். கடிவாளம் வாங்கச் செல்வார் பலர் இதனைப் பாராமலே செல்கின்றனர். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஈறு இருபுறமும் உண்டு. ஆண்குதிரைகட்கு அவ்விடைவெளியில் கோரைப்பல் தோன்றுவதும் வழக்கம். எலும்பின் விளிம்பை மெல்லிய தோலொன்றே மூடியிருக்கும் அவ்விடத்தில்தான் இரும்பு தங்குகின்றது. வாயை மூடிய நிலையில் நா ஏறத்தாழ அவ்வறை முழுவதையும் நிரப்பி நிற்கும். இரும்புக்கென்று வெற்றிடம் வைத்துக் கடவுள் அவ்வாயைப் படைக்கவில்லை. ஆதலால் வாயிரும்பு தடித்திருப்பின் மென்மை என்னும் பொதுக்கொள்கை பாதியே மெய். தடித்த இரும்பு அழுத்தத்தைப் பரப்பும் என்பது உண்மையே. ஆனால், தடித்த நாவும் தாழ்ந்த அண்ணமும் உடைய சிறுவாய்க் குதிரைக்கு அதுவே வாயடைப்பாகும். அத்தகையதற்குச் சற்று மெல்லியதாய், நடுவில் அகன்று தாழ்ந்த வளைவுடையதாய் உள்ள இரும்பே நலம். அவ்வளைவு நாவிற்கு இடந்தரும். வளைவைக் கண்டவுடன் கொடுமையென்று அஞ்சுவோர் உளர். தாழ்ந்த வளைவு அண்ணத்தைத் தொடுவதேயில்லை. ஓங்கிய வளைவே, தண்டு சுழலும்போது அண்ணத்தை முட்டும். அகலத்தைப் பொறுத்தவரையில், ஐந்து அங்குல வாயிரும்பே பெரும்பாலான குதிரைகட்குப் பொருந்துவது. இதழின் இருபுறமும் கால் அங்குலம் வெளியே நிற்றல் போதும். குறுகினால் இதழைக் கிள்ளும். மிகுந்தால் வாயில் இங்குமங்கும் ஓடும்.

யாம் வற்புறுத்திக் கூற விரும்புவது தண்டைப் பற்றியது. நீண்ட தண்டு கொடியது, குறுந்தண்டு மெல்லியது என்று எண்ணாதார் அரியர். யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். கணக்கு வேறு கூறுகின்றது. வாயிரும்பிற்கு மேலுள்ள தண்டின் அளவையும் கீழுள்ள தண்டின் அளவையும் ஒப்பிடல் வேண்டும். மேலே 1½ அங்குலமும் கீழே 4½ அங்குலமும் உள்ள தண்டில், கை ஓர் இராத்தல் இழுப்பின் மோவாய்வாரில் ஏறத்தாழ மூன்று இராத்தல் ஏறும். இதனைக் கண்டு ஒன்றுக்கு மூன்று என்று கூறி நிறுத்திவிடுவர். நெம்புகோலின் இலக்கணப்படி வாயிரும்போ கையின் இழுப்பையும் மோவாய்வாரின் இழுப்பையும் சேர்த்து நான்கு இராத்தலாகத் தாங்கும். தாடை இரண்டிற்கும் நடுவே அகப்படும். இப்போது மேலே 2 அங்குலமும் கீழே 6 அங்குலமுமாக எட்டு அங்குலத் தண்டொன்றை எடுத்துக்கொள்க. பார்வைக்கு அச்சந்தருவது. ஆயினும் பெருக்கம் முன்னதே. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்றியும், அதனைச் சுழற்றக் கை நெடுந்தொலைவு செல்ல வேண்டுமாதலின், இரும்பு இறுகுமுன் குதிரைக்கு முன்னறிவிப்புக் கிட்டும். இனி மேலே 1 அங்குலமும் கீழே 4 அங்குலமுமான ஐந்து அங்குலக் குறுந்தண்டைப் பாருங்கள். இதில் பெருக்கம் ஒன்றுக்கு நான்கு. அதுவும் நொடியில் தாக்கும். சிறுவர்க்கு ஏற்றதென்று தரப்படுவது பெரும்பாலும் இத்தகையதே!

அமெரிக்கக் குவார்ட்டர் ஹார்ஸ் என்னும் குதிரையினத்திற்காக 1940-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சங்கம், தன் போட்டிகளில் தண்டின் நீளம் 8½ அங்குலத்தை மிகலாகாதென்று வரையறுத்துள்ளது. வரம்பு வேண்டுவதே. எனினும் வரம்புக்கு உட்பட்டதெல்லாம் மென்மையுடையதென்று கொள்வார், மேற்கண்ட கணக்கை மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக. தண்டின் வடிவமும் கருதத்தக்கது. நேராக நிற்கும் தண்டு விரைந்து தாக்கும். பின்னோக்கி வளைந்த தண்டு தாழ்த்துத் தாக்கும். புதிதாய் நெம்பு கடிவாளம் ஏற்கும் குதிரைக்கு வளைந்ததே தக்கது.

டாம் தம்ப் என்னும் பெயருடைய கடிவாளமொன்று உண்டு. குறுகிய நேர்த்தண்டும் மூட்டுடைய வாயிரும்பும் உடையது. தம்ப் என்பது ஆங்கிலக் கதையில் வரும் கட்டைவிரலளவான சிறுவனின் பெயர். பெயரும் சிறிது, பொருளும் சிறிது, ஆகவே தீங்கற்றது என்று மக்கள் கொள்கின்றனர். ஸ்நாபில் என்றே அதனை விற்போரும் உளர். நம்பி வாங்கியவர் இருகையாலும் வார் பிடித்து ஒருபக்கம் இழுப்பர். அப்போது மூட்டு மடங்கும், தண்டு சாயும், மோவாய்வார் இறுகும், எப்பக்கம் திரும்புவதென்று தெரியாமல் குதிரை தலையை எறியும். முரட்டுக் குதிரை என்று அதற்குப் பெயர் வந்துவிடும். பெயரால் வந்த பிழைக்கு வாயில்லாத உயிர் பழி சுமக்கின்றது. வாயில்லாத என்ற வழக்கு இங்கே எத்துணைப் பொருந்தாதது! அதற்கு வாய் இருப்பதுதான் இடர்.

மோவாய்வாரைப் பற்றிச் சிறிதே கூறுவோம். இரண்டு விரல் நுழையும் அளவு தளர்ந்திருத்தல் முறை. மிகத் தளரின் தண்டு அளவிறந்து சுழன்று இதழைச் சுருட்டும். மிக இறுகின் குதிரைக்கு ஓய்வே இல்லை. முறுக்குண்ட சங்கிலி ஆகாது. தட்டையாய்ப் படிய வேண்டும். வாயிரும்பின் பொருளோ, எளிதில் துருவேறும் மெல்லிரும்பு, செம்பு, துருவாத எஃகு எனப் பலதிறப்படும். துருவின் சுவையும் செம்பின் சுவையும் வாயூறச் செய்யும் என்பர். வெள்ளிப் பூவேலையைப் பற்றிக் குதிரைக்குக் கருத்தில்லை.

எம் கொள்கைக்கு மறுப்பாக இரு திறத்தார் எழுவர். முதற்றிறத்தார், குதிரை நில்லாதாயின் வலிய இரும்பு இடுவதன்றி வேறு வழி என்ன என்பர். இவ்வினாவை யாம் எளிதாக எண்ணவில்லை. நில்லாத குதிரையின் மேலிருப்பவன் உயிருக்கு அஞ்சுதல் இயல்பே. ஆனால், நில்லாமைக்குக் காரணம் நோவாக இருப்பின்? கூர்ந்த கடைவாய்ப் பல் கன்னத்தைக் கிழிக்கலாம். கடைவாய்ப் பற்களுக்கு முன் தோன்றும் ஓநாய்ப்பல் என்னும் சிறுபல் இரும்பில் இடிபடலாம். சேணம் முதுகை உறுத்தலாம். நோவினின்று ஓடும் உயிர்க்கு நோவைக் கூட்டினால் இன்னும் ஓடும். மருத்துவர் வாயைப் பார்த்து ஒன்றுமில்லை என்றாராயின், எஞ்சிய காரணம் பயிற்சிக் குறையே. அதற்கு மருந்து ஸ்நாபிலுக்குத் திரும்பி நிறுத்தத்தை முதலிலிருந்து கற்பித்தல். இதற்குத் திங்கள் சில ஆகும். வலிய இரும்பு வாங்க ஒருநாள் போதும்; ஆதலின்தான் அது விற்கின்றது.

கலிபோர்னிய வக்கேரோ மரபில் ஸ்பேட் என்னும் கடிவாளம் உண்டு. கரண்டி போன்ற தகடு வாயினுள் ஓங்கி நிற்கும். முதலிற் காண்பார் நடுங்குவர். ஆனால், அம்மரபில் குதிரையின் வாயை ஆண்டுக்கணக்கில் தொடுவதேயில்லை. முதலில் மூக்கின்மேல் தோலாற் பின்னிய வளையமாகிய ஹாக்கமோர். பின்னர் அதனோடு கடிவாளத்தையும் சேர்த்து இரட்டை வார். யாவும் கற்றுத் தேர்ந்தபின்னரே கடிவாளம் மட்டும். அப்போதும் அதனை இழுப்பதில்லை. வாரின் நிறையே செய்தி. கண்டவுடன் கொடியதெனத் தோன்றும் கருவி பொறுமையுடையார் கையில் மெல்லிதாய் இருத்தலையும், சிறுவர்க்கென விற்பது பதற்றமுடையார் கையில் கொடிதாதலையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போது, கடையில் இரும்பை மட்டும் பார்த்துத் தெரிதல் எவ்வளவு பேதைமை என்பது விளங்கும். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்ற நூல் இயற்றிய கிரேக்கராகிய செனபோன், கரடுமுரடானதொன்றும் வழுவழுப்பானதொன்றுமாக இரு கடிவாளங்கள் வைத்திருக்கக் கூறினார். முன்னதை உணர்ந்த குதிரை பின்னதை விரும்பி ஏற்கும் என்பது அவர் உத்தி. அப்பெரியாரோடு அவ்வொன்றில் யாம் உடன்படோம். ஒன்றின் அச்சத்தால் மற்றொன்று இனிக்குமாறு செய்வது பயிற்சியாகாது.

இரண்டாந் திறத்தார் வாயில் இரும்பே வேண்டா என்பர். அவர்பால் எமக்கு அன்பு மிகுதி, உடன்பாடு பாதி. மூக்கில் இடுவதும் கையறியாதார் இழுப்பின் தோலை உரிக்கும். தண்டு பூட்டிய ஹாக்கமோரும் உண்டு. வாயிரும்பு இல்லாவிடினும் அதுவும் நெம்புகோலே, மெல்லிய மூக்கெலும்பை இறுக்குவது. இரும்பை நீக்கியதனாற் கை மென்மை பெற்றுவிடாது.

ஆகவே தெரிய விரும்புவோர்க்கு யாம் கூறுவது இது. வாரைப் பிடித்துத் தம்மைச் சேணத்தில் நிறுத்திக்கொள்ளும் நிலையிலுள்ளவர் நெம்பு கடிவாளத்தை நாடவே வேண்டா. தடுமாறும்போதெல்லாம் அவர் உடலின் நிறை நான்கு மடங்காய் அவ்வீற்றில் இறங்கும். அந்நிலை கடந்தவர், ஸ்நாபிலில் நிற்கவும் திரும்பவும் பின்னிடவும் கற்ற குதிரைக்கு, ஒன்றுக்கு மூன்றை மிகாத பெருக்கமும், பின்வளைந்த தண்டும், தாழ்ந்த அகன்ற வளைவும் உடையதைக் கொள்க. வாங்குமுன் அதனைத் தம் முன்கையின் எலும்பின்மேல் வைத்து, மோவாய்வாரை அடியில் பூட்டி, நண்பரொருவரைக் கொண்டு வாரை மெல்ல இழுப்பிக்க. அந்நண்பர் சுண்டியிழுப்பதற்குள் வாய்திறந்து நிறுத்தச் சொல்லும் வசதி நமக்குண்டு. முதல்நாள் நடையன்றி ஓட்டம் வேண்டா. இறங்கியவுடன் மோவாயின் அடிப்பள்ளத்தையும் இதழின் கோடியையும் விரலால் தடவிப் பார்க்க. மயிர் தேய்ந்தோ தோல் சிவந்தோ இருப்பின் மறுநாள் அக்கடிவாளத்தோடு ஏறற்க.