போர்ட்டர்ல ஹாப்ஸ் இருந்தா குத்தமாய்யா?

புனேல நம்ம ஆபீஸ் பீர் பண்டிதர்கள் தொல்லை தாங்கலைங்க. அமெரிக்கன் போர்ட்டரை ஒரு வாய் குடிச்சுட்டு, "ஹாப்ஸ் தூக்கல், இது போர்ட்டரே இல்ல"ன்னு தீர்ப்பு. எந்தச் சட்டப்படி ஐயா?

போர்ட்டர் 18ஆம் நூற்றாண்டு லண்டன் சரக்குதான், ஒத்துக்கறேன். ஆனா பீர் நடுவர்களுக்கான பி.ஜே.சி.பி. கையேடு (2021) அமெரிக்கன் போர்ட்டரைத் தனி வகையாவே வெச்சிருக்கு. கசப்பு 25-50 ஐ.பி.யூ., ஆல்கஹால் 4.8-6.5 சதவீதம். ஹாப்ஸ் வாசனை தூக்கலா இருக்கவும் அனுமதி உண்டு.

குறை சொல்லணும்னா சரியான இடத்துல சொல்லுங்க. வறுத்த மால்ட்டும் கசக்கும், ஹாப்ஸும் கசக்கும். ரெண்டும் சேர்ந்து கரிச்சட்டியை நக்கின மாதிரி இருந்தா தாராளமா மார்க்கைக் குறைங்க. சாக்லேட், காபி வாசத்துக்குப் பின்னாடி பைன் பிசின் மணம் வந்தா, அதுதான் அந்தச் சரக்கோட குணமே!

இன்னொண்ணு, ஐஸ் மாதிரி குடிச்சுட்டு மார்க் போடாதீங்க. குளிர்ல வாசனை அடங்கி, கசப்பு மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும். கால் மணி நேரம் வெளிய வைங்க, 10-12 டிகிரி வரட்டும்.

இவங்க புலம்பினதுல, இங்க ஒரு மைக்ரோ ப்ரூவரி போர்ட்டரையே நிறுத்திட்டு மறுபடி கோதுமை பீரை ஊத்துது. இப்ப சந்தோஷமா, பண்டிதர்களே?