எழுத்துப் பலகை போதாது

ஆண்டு விழாவை ஒட்டி இம்முறையும் வளாகத்தில் கண் பரிசோதனை முகாம் நடைபெறும் என்று நம் சங்கச் செயலாளர் அறிவித்திருக்கிறார். மகிழ்ச்சி. ஆனால், சென்ற ஆண்டு நடத்தியதைப் போலவே நடத்துவதாயின் நடத்தாமலிருப்பதே நலம் என்பேன். கடுஞ்சொல் என்று நண்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. காரணத்தைக் கேட்டபின் சுளிக்கட்டும்.

சென்ற ஆண்டு நாம் என்ன செய்தோம்? எழுத்துப் பலகையைச் சுவரில் மாட்டினோம். இருபது அடி தள்ளி நிற்கவைத்துப் படிக்கச் சொன்னோம். தடுமாறியவர்க்குக் கண்ணாடி; கடைசி வரி வரை படித்தவர்க்கு, "கண்ணில் குறையில்லை" என்ற நற்சான்று. சித்தூரிலிருந்து என் பெரியப்பாவும் வந்திருந்தார். மாங்காய் மண்டியில் கணக்கெழுதுபவர், வயது 58. கடைசி வரியையும் தடங்கலின்றிப் படித்தார். "பெரியப்பா, என் கண்ணைவிட உங்கள் கண் நல்ல கண்" என்று சொன்னவன் வேறு எவனும் அல்லன், நான்தான்.

மண்டியில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் அவர் தோள் அடிக்கடி இடிபடுகிறது என்று பெரியம்மா சொன்னபோது வீடே சிரித்தது. எட்டுத் திங்கள் கழித்துத் திருப்பதியில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இடக்கண்ணின் அழுத்தம் 34, வலக்கண்ணில் 29. பாதரச மில்லிமீட்டர் அளவில் 10 முதல் 21 வரை இருப்பதே இயல்பு. இடக்கண்ணின் பக்கப் பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. நோயின் பெயர் கிளாக்கோமா.

கண்ணுக்குள் ஒரு நீர் இடையறாது ஊறுகிறது. ஊறும் அளவுக்கு வடிந்தும் விடுகிறது. வடிகால் அடைபட்டால் உள்ளழுத்தம் ஏறிப் பார்வை நரம்பின் இழைகள் ஒவ்வொன்றாகச் சாகும். பெரும்பாலோர்க்கு வலியில்லை, சிவப்பில்லை. பார்வை ஓரத்திலிருந்து அழிந்து வர, நடுப்பார்வை மட்டும் நெடுநாள் நிற்கும். எழுத்துப் பலகை கேட்பதோ அந்த நடுப்பார்வையை மட்டுமே! போனது மீளாது. எஞ்சியதைக் காக்கத்தான் மருந்து.

இது பெரியப்பா ஒருவரின் கதை அன்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டச் சிற்றூர்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை ஆராய்ந்தார்கள். திறந்த கோண வகைக் கிளாக்கோமா 64 பேரிடம் இருந்தது. அவர்களுள் தமக்கு அந்நோய் உண்டென முன்பே அறிந்திருந்தவர் ஒரே ஒருவர்! நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் திருவள்ளூர் மாவட்டம் என்ன தொலைவு?

அளப்பது அரிய வித்தையும் அன்று. நார்வே நாட்டு ஷியோட்ஸ் 1905இல் ஒரு கருவி தந்தார். 1950களில் சுவிட்சர்லாந்தின் கோல்ட்மான் தந்த கருவி இன்றும் உரைகல்லாக நிற்கிறது. மரத்துப்போகச் சொட்டு விட்டு, நீல ஒளியில் கருவிழியை மெல்லத் தொட்டு அளப்பார்கள். தொடாமலே காற்றை ஊதி அளக்கும் கருவியும் உண்டு, பயந்தவர்க்கு அது.

மருத்துவம் படிக்கும் நண்பர் ஒருவர் மறுக்கிறார்: அழுத்தம் இயல்பாக இருந்தும் நோயுற்றவர் பலர், 21ஐத் தாண்டியும் நோயற்றவர் பலர், எண்ணை மட்டும் நம்பலாமா என்கிறார். நம்பலாகாதுதான். ஆகவே பார்வை நரம்பையும் பார்க்கட்டும். அதற்காக அளவையைத் தள்ளிவிட இயலாது. அழுத்தம் மிகுந்தும் நரம்பு கெடாதவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஐந்தாண்டில் மருந்தில்லாதவர்களுள் 9.5 விழுக்காட்டினர்க்கும், மருந்திட்டவர்களுள் 4.4 விழுக்காட்டினர்க்கும் நோய் தோன்றியது. பாதிக்கும் கீழே!

இருபது வயது மாணவரை வரிசையில் நிறுத்தி அளக்கச் சொல்லவில்லை. 40ஐக் கடந்தவர், நீரிழிவுக்காரர், கடுங்கிட்டப்பார்வையினர், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொண்டவர், கண்ணில் விட்டவர் ஆகியோரை அழைப்போம். எல்லோர்க்கும் முன்னே, நோயாளியின் கூடப்பிறந்தவரையும் மக்களையும் அழைப்போம். பெரியப்பாவைப் பார்த்த மருத்துவர் கேட்ட முதற்கேள்வியே, "கூடப்பிறந்தவர்கள் உண்டா?" என்பதுதான். என் தந்தையைக் கூட்டிவர நான் பட்ட பாடு பெரும்பாடு. "என் கண்ணுக்கு என்னடா கேடு?" என்றார். அழுத்தம் 27, நரம்பில் தேய்வின் தொடக்கம். இப்போது இரவுதோறும் ஒரு சொட்டு. மருந்து விட்டும் ஒரு மாற்றமும் தெரியவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்கிறார். மாற்றம் தெரியாமலிருக்கத்தானே அந்த மருந்து!

ரூயா மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையும் 2019இல் திருப்பதிக்கு வந்துவிட்டது. கருவியோடு ஒரு மருத்துவரை அனுப்புமாறு செயலாளர் எழுதிக் கேட்கட்டும். பந்தல் தோரணத்தில் பாதியைக் குறைத்தால் வண்டிச் செலவுக்கு ஆகும். பெயர்ப்பட்டியலையும் இன்றே தொடங்கலாம். என் வீட்டிலிருந்து மூன்று பெயர் தருகிறேன்: பெரியப்பாவின் மக்கள் இருவர், சித்தூர் அத்தை ஒருவர். அத்தை வரமாட்டேன் என்கிறார். அவரை அழைத்துவருவது என் பொறுப்பு.